கடலைத் தூர்த்து மார்க்கெட் கட்டிய மேயர்... ஓட்டுப் போடாத மக்கள்! - பாஸ்டனில் ஜோசையா குவின்ஸியின் தடங்கள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் கால் வைக்கும் இடம், குவின்ஸி மார்க்கெட். கிரேக்கக் கோயில் போன்ற முகப்பு, நடுவில் ஒரு செம்புக் குவிமாடம், உள்ளே இரண்டு பக்கமும் வரிசையாக உணவுக் கடைகள். உருண்டையான ரொட்டியைக் குடைந்து அதில் ஊற்றித் தரும் மட்டி சூப்பைக் கையில் ஏந்தியபடி நடந்து போவார்கள். வெளியே கல் பாவிய முற்றத்தில் வித்தைக்காரர்கள் கூட்டம் சேர்ப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு குவின்ஸி என்பது ஓர் ஆளின் பெயர் என்று தெரியும்? அதிலும், இந்த மார்க்கெட்டைக் கட்டி முடித்த இரண்டே ஆண்டுகளில் நகர மக்கள் அவரை மேயர் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பது?

ஜோசையா குவின்ஸி. வக்கீல், நாடாளுமன்ற உறுப்பினர், நீதிபதி, பாஸ்டனின் இரண்டாவது மேயர், பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர். 92 வயது வரை வாழ்ந்த மனிதர். அவர் கட்டிய மார்க்கெட் திறக்கப்பட்டது 1826 ஆகஸ்ட் 26. அதாவது, 2026-ல் அதற்கு 200 வயது. ஒரே நாளில் நடந்தும் ரயிலிலும் சுற்றி வந்தால், அவரது வாழ்க்கையைக் கிட்டத்தட்ட முழுமையாகவே பார்த்துவிடலாம்.

அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்

பயணத்தை ‘ஸ்டேட்’ மெட்ரோ நிலையத்தில் தொடங்கலாம். மேலே ஏறி வந்தால் செங்கல்லால் கட்டிய பழைய அரசு மாளிகை. அதன் முன்னால் தரையில் வட்டமாகப் பதித்த கற்கள். 1770 மார்ச் 5 அன்று ஆங்கிலேயப் படைவீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்களே, அந்தச் சம்பவத்தின் நினைவாகப் பதித்தது. அமெரிக்க விடுதலைப் போருக்கு முன்னோட்டமாகச் சொல்லப்படும் சம்பவம் அது.

சுட்ட வீரர்கள்மீது கொலை வழக்கு. ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்களுக்காக வாதாட முன்வந்த வக்கீல்களில் ஒருவர் ஜான் அடம்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். இன்னொருவர், நம் மேயரின் அப்பா. அவர் பெயரும் ஜோசையா குவின்ஸிதான். இதில் விசித்திரம் என்னவென்றால், வீரர்களுக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் அவருடைய சொந்த அண்ணன் சாமுவேல் குவின்ஸி!

அப்பா குவின்ஸி விடுதலைப் போராட்டத்தின் தீவிர ஆதரவாளர். ஆனாலும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். எட்டு வீரர்களில் ஆறு பேர் விடுதலையானார்கள். இரண்டு பேருக்குக் கொலை அல்லாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக மட்டும் தண்டனை.

1775-ல் இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பும் வழியில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பலிலேயே காசநோயால் இறந்துபோனார் அப்பா. மகனுக்கு அப்போது மூன்று வயது. உயிலில் மகனுக்காக அவர் குறிப்பிட்டு எழுதிய சொத்துகளில் முக்கியமானவை புத்தகங்கள். ஜான் லாக், பேகன் போன்றோரின் நூல்கள், மகனுக்குப் 15 வயதாகும்போது சேர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

117-க்கு 1

அந்தப் பையன் ஹார்வர்டில் 1790-ல் பட்டம் பெற்றார். சட்டம் படித்து வக்கீல் ஆனார். ஆனால், கோர்ட்டைவிட அரசியல்தான் அவரை அதிகம் இழுத்தது. 1805 முதல் 1813 வரை நாடாளுமன்றத்தின் கீழவையில் இருந்தார். அங்கே அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும்.

1809 ஜனவரியில், ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனைப் பதவி நீக்கம் செய்ய முகாந்திரம் இருக்கிறதா என்று விசாரிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார் குவின்ஸி. வாக்கெடுப்பு நடந்தது. எதிராக 117 ஓட்டு. ஆதரவாக ஒன்று. அந்த ஒன்று அவருடையதுதான்!

தனி ஆளாக நிற்பதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. இந்தக் குணம்தான் பின்னால் பாஸ்டனுக்கு நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது.

ஊர் திரும்பியவர், 1822-ல் நகர நீதிமன்றத்தின் நீதிபதி ஆனார். அப்போது ஒரு பத்திரிகை ஆசிரியர்மீது அவதூறு வழக்கு வந்தது. ஒரு மத போதகரைப் பற்றி எழுதியதற்காக. எழுதியது உண்மையாகவே இருந்தாலும் அவதூறு அவதூறுதான் என்பது அன்று பலரும் ஏற்றுக்கொண்டிருந்த சட்டக் கருத்து. ‘எழுதியது உண்மை, நல்ல நோக்கத்தோடு எழுதினேன் என்று நிரூபிக்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும்’ என்று அனுமதித்தார் குவின்ஸி. ஆசிரியர் விடுதலை ஆனார். அந்தக் காலத்தில் அது துணிச்சலான முடிவு.

வேண்டாம் என்றவரே மேயர்!

பழைய அரசு மாளிகையிலிருந்து சில நிமிட நடையில் ஃபேனியுல் ஹால். 1742-ல் கட்டியது. கீழே கடைகள், மேலே கூட்ட அரங்கு. உச்சியில் காற்றடிக்கும் திசையைக் காட்டும் வெட்டுக்கிளி ஒன்று தகதகக்கும்.

1822 வரை பாஸ்டன் சட்டப்படி ஒரு ‘டவுன்’தான். மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லோரும் ஒன்றுகூடி, கையைத் தூக்கி முடிவெடுக்கும் ஊர்க்கூட்டம்தான் நிர்வாகம். மக்கள்தொகை 40,000-ஐத் தாண்டி, ஓட்டுரிமை உள்ளவர்கள் மட்டுமே 7,000 பேருக்கு மேல் ஆனபோது அது எப்படி நடக்கும்? வந்தவர்கள் வைத்ததே சட்டம் என்றாகிவிட்டது. அதனால் பாஸ்டனை மாநகரமாக மாற்றினார்கள்.

‘ஊர்க்கூட்டமே நல்லது, மாநகரம் வேண்டாம்’ என்று எதிர்த்தவர்களில் குவின்ஸியும் ஒருவர். ஆனால், மாற்றம் வந்தபிறகு அவரே போட்டியிட்டார். முதல் ஆண்டில் அவருக்கும் ஹாரிசன் கிரே ஓடிஸ் என்பவருக்கும் இடையே இழுபறி. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் இருவரும் விலக, ஜான் பிலிப்ஸ் முதல் மேயர் ஆனார். அவர் ஓராண்டு இருந்துவிட்டு விலகினார். 1823-ல் குவின்ஸி வந்தார்.

அப்போது மேயர் பதவி ஓராண்டுக்குத்தான். அதிகாரமும் குறைவு. வக்கீல் மூளை வேலை செய்தது. ஒவ்வொரு கமிட்டிக்கும் தன்னையே தலைவராக்கிக்கொண்டார்! குப்பை, சாக்கடை, சிறை, பள்ளிக்கூடம், தீயணைப்பு என்று எல்லாக் கோப்புகளும் ஒரே மேஜைக்கு வந்தன.

விடிந்தும் விடியாத நேரத்தில் குதிரையில் ஏறித் தெருத் தெருவாகச் சுற்றுவது அவர் வழக்கம். எந்தச் சந்தில் குப்பை கிடக்கிறது, எந்தச் சாக்கடை அடைத்திருக்கிறது என்று நேரில் பார்ப்பார். பாஸ்டனில் தெருக்கள் ஒழுங்காகக் கூட்டப்பட்டதும், சாக்கடைகள் நகராட்சியின் பொறுப்புக்கு வந்ததும் அவர் காலத்தில்தான். வழி தவறிய சிறுவர்களைப் பெரிய குற்றவாளிகளோடு அடைத்துவைக்கக் கூடாது என்று 1826-ல் தனி இல்லம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் அப்படித் தொடங்கப்பட்ட ஆரம்பகால இல்லங்களில் அதுவும் ஒன்று.

வரி போடாமல் ஒரு மார்க்கெட்

ஃபேனியுல் ஹாலின் கிழக்கு வாசலில் நின்று பாருங்கள். எதிரே குவின்ஸி மார்க்கெட். நடுவில் இருக்கும் சின்ன முற்றத்தைத் தாண்டினால் போதும். 200 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே நின்றிருந்தால் காலடியில் கடல் இருந்திருக்கும்! ஹாலுக்குப் பின்னாலேயே படகுத்துறை. அந்தத் துறையில் சேறும், கடைக்கழிவும், நகரத்துச் சாக்கடையும் சேர்ந்து நாறின. இருந்த மார்க்கெட்டில் இடம் போதாமல், காய்கறி வண்டிகள் சுற்றுத் தெருக்களை எல்லாம் அடைத்து நின்றன.

கவுன்சிலில் இருந்தவர்கள், கொஞ்சம் விரிவாக்கினால் போதும் என்று நினைத்தார்கள். குவின்ஸி நினைத்தது வேறு. படகுத்துறையையே தூர்த்துவிடுவது, அந்த நிலத்தில் கருங்கல் மார்க்கெட், அதன் இரண்டு பக்கமும் நீளமான கிடங்குகள், நடுவே அகலமான தெருக்கள்!

பணத்துக்கு எங்கே போவது? இங்கேதான் அவர் போட்ட கணக்கு. துறையைச் சுற்றியிருந்த நிலங்களையும் படகுத்துறை உரிமைகளையும் நகராட்சி கடன் வாங்கி விலைக்கு வாங்கியது. கடலைத் தூர்த்துப் புதிய மனைகளை உருவாக்கியது. மார்க்கெட்டின் இரு பக்கத்து மனைகளையும் ஏலத்தில் விற்றது, ஒரு நிபந்தனையோடு. ‘வாங்குகிறவர்கள் நகராட்சி கொடுக்கும் வரைபடப்படி, ஒரே மாதிரியான கருங்கல் முகப்போடுதான் கட்ட வேண்டும்.’ அந்த விற்பனைப் பணம் செலவை ஈடுகட்ட உதவியது. மக்கள்மீது தனியாக ஒரு வரியும் போடவில்லை என்று பின்னாளில் தான் எழுதிய பாஸ்டன் நகராட்சி வரலாற்று நூலில் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறார் குவின்ஸி.

கட்டட வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் பாரிஸ். 1825 ஏப்ரலில் அடிக்கல். அடுத்த ஆண்டே திறப்பு. 535 அடி நீளம், 50 அடி அகலம், இரண்டு மாடி. செலவு சுமார் 1,50,000 டாலர். ஆறு புதிய தெருக்கள் பிறந்தன. கட்டடத்தின் இரண்டு முனைகளிலும் நிற்கும் தூண்களைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒட்டுப்போடாத ஒற்றைக் கல்!

குவிமாடத்தின் அடியில் மாடிக்கு ஏறினால், பழைய வியாபாரிகளின் மரப் பெயர்ப்பலகைகள் சுவர் நிறைய மாட்டியிருக்கும். இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி விற்றவர்களின் பலகைகள். உட்கார்ந்து சாப்பிட இடமும் உண்டு.

20-ம் நூற்றாண்டின் நடுவில் இந்த வட்டாரமே பாழடைந்து, இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நல்லவேளையாக, கட்டட வடிவமைப்பாளர் பெஞ்சமின் தாம்ப்சனும், கட்டுமான நிறுவனர் ஜேம்ஸ் ரவுஸும், அப்போதைய மேயர் கெவின் ஒயிட்டும் சேர்ந்து அதைப் புதுப்பித்தார்கள். மறுபடி திறந்த நாள் 1976 ஆகஸ்ட் 26. முதல் திறப்பு விழாவிலிருந்து சரியாக 150 ஆண்டுகள். பழைய சந்தைக் கட்டடத்தைச் சுற்றுலா இடமாக மாற்றலாம் என்று பல அமெரிக்க நகரங்கள் கற்றுக்கொண்டது இங்கிருந்துதான்.

மூடப்பட்ட பெண்கள் பள்ளி

மார்க்கெட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஸ்கூல் ஸ்ட்ரீட். பழைய நகராட்சி மாளிகையின் முற்றத்தில் இரண்டு வெண்கலச் சிலைகள். ஒன்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இன்னொன்று குவின்ஸி. தாமஸ் பால் செய்த இந்தச் சிலை 1879-ல் வைக்கப்பட்டது.

வெளியே நடைபாதையில் ஒரு வண்ணப் பதிப்பு, குழந்தைகள் விளையாடும் பாண்டிக் கட்டம் போல. 1635-ல் தொடங்கிய பாஸ்டன் லத்தீன் பள்ளி இருந்த இடம் இது என்பதற்கான அடையாளம். அமெரிக்காவின் மிகப் பழைய பொதுப்பள்ளி. ஆனால், ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்.

இந்த இடத்தில் நிற்கும்போது குவின்ஸி வாழ்க்கையின் கசப்பான பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும்.

1826-ல், மார்க்கெட் திறந்த அதே ஆண்டு, பாஸ்டனில் பெண்களுக்காக ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். எபினேசர் பெய்லி என்பவர் தலைமை ஆசிரியர். இருந்த இடங்களைவிட விண்ணப்பித்த பெண்கள் மிக அதிகம். அதைவிட முக்கியமான விஷயம், சேர்ந்த பெண்கள் படிப்பை விடவே இல்லை. ஆண்கள் பள்ளியில் பலர் பாதியில் வேலைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் பள்ளியிலோ ஒரு பெஞ்சும் காலியாகவில்லை.

பள்ளி வெற்றி பெற்றதே அதற்கு வினையானது! எல்லோருக்கும் இடம் தர வேண்டுமென்றால் இன்னும் பள்ளிகள் கட்ட வேண்டும், அதற்கு நகராட்சியிடம் பணம் இல்லை என்றார் மேயர். வசதியான வீட்டுப் பெண்களுக்குத்தான் இது பயன்படுகிறது என்பதும் அவர் வாதம். அவர் ஆதரவோடு 1828-ல் பள்ளி மூடப்பட்டது. அதற்குப் பதிலாக, சாதாரணப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் கூடுதல் காலம் படிக்க வழி செய்தார்கள். பெய்லி சும்மா இருக்கவில்லை. மேயரின் வாதங்களுக்கு வரிக்கு வரி பதில் சொல்லி நூலாகவே வெளியிட்டார்.

கடலைத் தூர்க்கப் பணம் புரட்டத் தெரிந்தவருக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புரட்டத் தெரியவில்லையா? அன்றைய பெற்றோர் பலர் மேயர்மீது கடுங்கோபம் கொண்டார்கள். பாஸ்டன் பெண்கள் மறுபடியும் ஓர் உயர்நிலைப் பள்ளியைப் பார்க்க 1850-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லத்தீன் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டதோ 1972-ல்தான்.

இன்னொரு வேடிக்கை. குவின்ஸியின் சொந்த மகள்கள் எழுத்தில் கெட்டிக்காரர்கள். அவர்கள் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் 1946-ல் புத்தகமாக வந்தன. அந்தக் காலத்து பாஸ்டன் எப்படி இருந்தது என்று அறிய ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

நாற்காலி போனது

கோபம் பெற்றோருக்கு மட்டுமில்லை. தீயணைப்பு வேலையைத் தன்னார்வக் குழுக்களிடமிருந்து எடுத்து, தண்ணீர்க் குழாய்களோடு கூடிய முறையான துறையாக மாற்றினார் குவின்ஸி. நகரத்துக்கு அது நன்மை. ஆனால், பழைய குழுக்களுக்கு மனக்கசப்பு. மதுக்கடை, சூதாட்டத்தின்மீது கை வைத்ததில் ஒரு தரப்புக்கு எரிச்சல். நகராட்சியின் கடன் ஏறிவிட்டது என்று இன்னொரு தரப்பு.

1828 டிசம்பர் தேர்தலில் இரண்டு முறை ஓட்டெடுப்பு நடந்தும் அவருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. விலகிக்கொண்டார். பழைய போட்டியாளர் ஓடிஸ் மேயர் ஆனார்.

ஆறு முறை தொடர்ந்து வென்றவர் இப்படி வீட்டுக்குப் போனால் முடங்கிவிடுவார் என்று நினைத்தால், அது நடக்கவில்லை. அதே ஜனவரியில் ஹார்வர்டு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1845 வரை அங்கே இருந்தார்.

‘ரெட் லைன்’ ரயிலில் ஹார்வர்டு ஸ்கொயரில் இறங்கினால், பல்கலைக்கழகத்தின் சின்னத்தைப் பார்க்கலாம். மூன்று புத்தகங்களில் ‘வெரிடாஸ்’ என்ற எழுத்துகள். லத்தீனில் ‘உண்மை’ என்று பொருள். 1643-ல் வரைந்து மறந்துபோன அந்தச் சின்னத்தைப் பழைய ஆவணங்களில் தேடி எடுத்து, 1836-ல் ஹார்வர்டின் 200-ம் ஆண்டு விழாவில் உலகுக்குக் காட்டியவர் குவின்ஸிதான். ஆனால், இங்கேயும் மாணவர்களோடு உரசல். 1834 கலவரத்தின்போது இரண்டாம் ஆண்டு வகுப்பையே கிட்டத்தட்ட முழுசாக வெளியே அனுப்பிவிட்டார்!

கடைசி நிறுத்தம்

நேரம் இருந்தால், அதே ரெட் லைனில் தெற்கே ‘வோலஸ்டன்’ நிலையம் வரை போய் வரலாம். அருகே குவின்ஸி குடும்பத்தின் 1770-ம் ஆண்டு வீடு இருக்கிறது. போர்க்காலத்தில் மேயரின் தாத்தா, இங்கிருந்துதான் துறைமுகத்தில் ஆங்கிலேயக் கப்பல்களின் நடமாட்டத்தை வேவு பார்த்தார். 1775 அக்டோபரில் ஆங்கிலேய கவர்னர் கேஜ் கப்பலேறிப் போனதைப் பார்த்து, அந்தத் தேதியை ஜன்னல் கண்ணாடியிலேயே கீறிவைத்தார். அந்தக் கண்ணாடி இன்றும் பத்திரமாக இருக்கிறது.

இந்த வீட்டில்தான் பேரன் தன் கடைசிக் காலத்தில் கோடைகளைக் கழித்தார். 80 வயதுக்கு மேலும் அடிமை முறைக்கு எதிராகப் பேசினார், எழுதினார். உள்நாட்டுப் போரில் லிங்கனை ஆதரித்தார். 1864 ஜூலை 1 அன்று இறந்தார். கேம்பிரிட்ஜில் மரங்கள் அடர்ந்த மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் உறங்குகிறார்.

அவருடைய மகனும், பின்னர் கொள்ளுப்பேரனும் பாஸ்டன் மேயர்கள் ஆனார்கள். இருவருக்கும் அதே பெயர், ஜோசையா குவின்ஸி!

பயணம் போகிறீர்களா?

● லோகன் விமான நிலையத்திலிருந்து ‘புளூ லைன்’ ரயிலில் ஸ்டேட் நிலையம் வரலாம். அங்கிருந்து மார்க்கெட்டுக்கு நடந்தே போகலாம்.

● தரையில் ஓடும் சிவப்புக் கோடு ‘ஃப்ரீடம் டிரெயில்’. சுமார் 4 கிலோமீட்டர். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பழைய நகராட்சி மாளிகை அமைந்த ஸ்கூல் ஸ்ட்ரீட், பழைய அரசு மாளிகை, ஃபேனியுல் ஹால் மூன்றும் வரிசையாக வரும்.

● வெள்ளி, சனிக்கிழமைகளில் பக்கத்திலேயே ‘ஹேமார்க்கெட்’ தெருச்சந்தை கூடும். காய்கறி, பழம் மலிவு. குவின்ஸி காலத்துச் சந்தை இரைச்சல் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே கொஞ்சம் புரியும்.

● வோலஸ்டன் வீடு குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே திறந்திருக்கும். முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

● குளிர் கடுமையாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரியைத் தவிர்க்கலாம். இலைகள் நிறம் மாறும் அக்டோபர் அருமையான நேரம்.

● பெயரை ‘குவின்சி’ என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் திருத்துவார்கள். ‘குவின்ஸி’ என்று, கடைசியில் தேனீ ரீங்கரிப்பதுபோல அழுத்திச் சொல்ல வேண்டும்!